வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது

கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 43 வயது. நாகர்கோவில் பக்கம் ஒரு கிராமம். கடனில் எடுத்த லோடு ஆட்டோ விபத்தில் சிக்கியது. கால் முறிந்த கணவர் எட்டு மாதமாக வீட்டோடு இருக்கிறார். தவணை கட்ட முடியவில்லை. இதற்கு நடுவில் என் அம்மாவும் புற்றுநோயில் போய்விட்டார்கள். அவர்களுக்காகச் சபையே உபவாசம் இருந்தது. "அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கு" என்கிறார்கள் ஜெபக்குழுவில். நானும் வாரம் மூன்று நாள் உபவாசம், தினம் ஆயிரம் ஸ்தோத்திரம் என்று கூட்டிக்கொண்டே போகிறேன். சர்க்கரை மாத்திரையை மட்டும் விடுவதில்லை. பதினொரு மணிக்குள் கை நடுங்கி வேர்த்துக் கொட்டுகிறது. ஒரு மாதமாக விடிய மூன்று மணிக்கே விழிப்பு. எதிலும் மனசு ஒட்டவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது, ஜெபமும் வரவில்லை. நான் விசுவாசத்தை விட்டு விலகி, பின்மாற்றத்தில் போய்விட்டேனா?

– பெயர் வேண்டாம்

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் உபவாசத்தை நிறுத்துங்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் அதன் அடையாளம். அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்தும் நடுக்கம் குறையாவிட்டால் மறுபடி குடியுங்கள், சரியானதும் சாப்பிடுங்கள். மாத்திரைச் சீட்டோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். உபவாசம் இருந்தே ஆக வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால் ஒருநாள் டிவியை விடுங்கள், சாப்பாட்டை அல்ல.

விடியற்காலை விழிப்பும் மனசு ஒட்டாமையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுவது நல்லது. அரசின் மனநல உதவி எண்ணான 'டெலி மானஸ்' 14416-க்கு எந்நேரமும் கூப்பிடலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், வீட்டில் ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள்.

சூரைச்செடியின் கீழ் "போதும்" என்று படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவை நினைத்துப் பாருங்கள் (1 இராஜாக்கள் 19). தூதன் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், அவன் மறுபடி தூங்கினான், மறுபடி கொடுத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கர்த்தர் கேட்டது அதற்கெல்லாம் பிறகுதான். ஜெபம் வராததைப் பின்மாற்றம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். பின்மாறினவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டார்.

ஆயிரம் ஸ்தோத்திரத்தில் ஒரு சிக்கல்: ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டாயிரம் என்று கணக்கு ஏறும், கடைசியில் எல்லாமே நின்றுபோகும். அதற்குப் பதில் ஒரு மாதத்துக்கு ஐந்தே நிமிடம். காலை காப்பிக்குப் பிறகு சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசியுங்கள், மொத்தம் ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" நான்கு முறை வரும். அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் "எதுவரைக்கும்" ஒன்றைச் சொல்லுங்கள்: தவணை, கால், அம்மா, எதுவானாலும். மேலே போக முடியாத நாளில் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஓடாத நாளுக்கு 88 இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் இருள்தான், அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தவறின நாளை ஈடுகட்ட வேண்டாம். ஞாயிறு ஆராதனையை மட்டும் விடாதீர்கள். பாட முடியாவிட்டால் உட்கார்ந்திருந்தால் போதும், மற்றவர்கள் பாடட்டும்.

தவணைக்கு, மருத்துவச் சீட்டுகளை இணைத்து, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கடன் கொடுத்தவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் அவர்கள் முத்திரை வாங்கி வையுங்கள்.

ஜெபக்குழு விஷயம். எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். காரணம் கண்டுபிடிக்கப் போனபோதுதான் கெட்டது. கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபின் மேல் அல்ல, அவர்கள் மேல் (யோபு 42:7). வாதாடாதீர்கள். "அக்கா, ஜெபம் பண்ணுங்க, காரணம் சொல்லாதீங்க. முடிஞ்சா வியாழக்கிழமை இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக யாரையாவது அனுப்புங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் முகம் திருப்பினால் கொஞ்ச நாள் வேறு ஜெபக்குழுவுக்குப் போங்கள். பாஸ்டர் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.