மகனின் பாலே பயிற்சிக்காக இந்த மே மாதமும் சீட்டு எடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். மகனுக்கு 15 வயது, பத்தாம் ஆண்டு படிக்கிறான். எட்டு வயதிலிருந்து பாலே பழகுகிறான். ராயல் அகாடமி ஒஃப் டான்ஸ் இன்டர்மீடியட் தேர்வும் முடித்துவிட்டான். 16 வயதில் முழுநேரப் பாலே பள்ளிக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான். என் மச்சாள் பிடிக்கும் சீட்டில் (20 பேர், மாதம் 500 பவுண்) இரண்டு வருடமும் மே மாதத்தில் கழிவு கூறி (ஏலத்தில் ஒரு தொகையை விட்டுக்கொடுத்து) எடுத்தோம். கோடைப் பயிற்சி, தனி வகுப்பு, வெளிநாட்டுப் போட்டி என்று அது முழுக்கப் போய்விட்டது. இருவர் சம்பளமும் சேர்த்துக் கைக்கு 3,400 பவுண் வருகிறது, வாடகை 1,700. இப்போது புதுச் சீட்டுத் தொடங்குகிறது. "பெடியனுக்காகத்தானே, சேருங்கோ" என்கிறார் மச்சாள். என் தம்பியோ, பிள்ளையின் பெயரில் முதலீட்டோடு சேர்ந்த ஆயுள் காப்புறுதி எடுக்கச் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: சேராதீர்கள். தம்பி சொல்வதையும் எடுக்காதீர்கள்.

முதலில் சீட்டுக் கணக்கு. ஏப்ரலில் முதல் மாதக் காசு தாச்சிக்கு (சீட்டுப் பிடிப்பவருக்கு), அதற்கு 500 கட்டுகிறீர்கள். மே மாதத்தில் 2,000 கழிவு கூறி 8,000 எடுக்கிறீர்கள். அந்த மாதம் கழிவில் உங்கள் பங்கு போக 400 கட்டுகிறீர்கள். ஆக, உண்மையில் கையில் வந்த அடுத்தவர் காசு 7,100. அதற்கு இன்னும் 18 மாதம் 500 வீதம் 9,000 கட்ட வேண்டும். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி ஆண்டுக்கு 30 வீதத்துக்கு மேல். கிரெடிட் கார்டை விடக் குறைவு என்று நினைத்துத்தான் எடுத்திருப்பீர்கள். பெரும்பாலான கார்டுகளே இதற்குள் அடங்கிவிடும்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. 20 மாதச் சீட்டை 12 மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறீர்கள். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எட்டு மாதம் இரண்டு சீட்டு ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. மாதம் 1,000 பவுண். வாடகையும் போனால் மீதி 700. சாப்பாடு, கவுன்சில் வரி, பஸ், கரண்ட் எல்லாம் அதற்குள். உங்கள் காசு நெருக்கடிக்குக் காரணம் இந்த எட்டு மாதம்தான். பாலேயைக் குற்றம் சொல்லாதீர்கள்.

அந்த 8,000 வாங்கித் தந்தது என்ன? முழுநேரப் பள்ளித் தேர்வு என்பது பெரும்பாலும் ஒரு வகுப்பு. சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துச் செய்வது, நடுவில் நின்று செய்வது, பிறகு தாவல்கள். இடுப்பிலிருந்து கால் எவ்வளவு வெளிப்புறம் திரும்புகிறது, பாதம் எப்படி வளைகிறது, தாவி எழுந்தவன் சத்தமில்லாமல் எப்படி இறங்குகிறான், இசையைக் கேட்கிறானா என்று பார்ப்பார்கள். எத்தனை கோடைப் பயிற்சிக்குப் போனான் என்ற பட்டியல் இடம் வாங்கித் தராது. ஆண் பிள்ளைகள் பிந்தி வந்தும் தேறுகிறார்கள்: புகழ்பெற்ற ருஷ்ய பாலே கலைஞர் ருடால்ஃப் நுரேயேவ் 1955இல் லெனின்கிராட் பாலே பள்ளியில் சேர்ந்தபோது வயது 17. பத்து வயதிலிருந்தே முறையான பயிற்சியில் இருந்தவர்களோடு சேர்ந்து பழக வேண்டியிருந்தது. அதனால் "இந்த வருடம் விட்டால் போச்சு" என்ற அவசரம் வேண்டாம்.

உடம்பையும் பாருங்கள். 13 முதல் 16 வரை பெடியன்கள் திடீரென்று வளர்வார்கள். எலும்பு நீளும், தசை அதன் பின்னால் இழுபட்டு வரும். குதிக்காலிலும் முழங்காலுக்குக் கீழும் நோவு வருவது அதனால்தான். இந்த வயதில்தான் ஆண்களுக்கு இரட்டைச் சுழற்சித் தாவலும், சோடி நடனத்தில் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்குவதும் தொடங்குகின்றன. வயிற்றுத் தசை பிடிக்காமல் நடுமுதுகை வளைத்துத் தூக்கினால் பாரம் முழுக்கக் கீழ் முதுகெலும்பில் இறங்கும். அங்கே நுண்முறிவு வந்தால் மாதக்கணக்கில் ஓய்வுதான். வாரத்துக்கு எட்டு மணி நேரம் ஆடியவனைத் தொடர்ந்து இரண்டு கோடைப் பயிற்சிகளில் நாளுக்கு ஐந்தாறு மணி நேரம் ஆட விடுவது அதற்கு நேர் வழி. தேர்வுக்கு முந்திய கோடையில் இது நடந்தால், காசும் போய்த் தேர்வும் போகும்.

ஆகவே இந்தக் கோடையில் ஒரே ஒரு பயிற்சி, ஒன்று அல்லது இரண்டு வாரம். அவன் விண்ணப்பிக்கப் போகும் பள்ளியிலேயே எடுங்கள். ஆசிரியர்களும் அவனைப் பார்ப்பார்கள், அவனும் அந்த இடத்தைப் பார்ப்பான். போட்டி வேண்டாம். உள்ளூர் வகுப்பில் கட்டணக் குறைப்புக் கேளுங்கள்: ஆண் பிள்ளைகள் குறைவு என்பதால் பல இடங்களில் குறைத்தோ இலவசமாகவோ தருவார்கள். ஆனால் நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். மிச்சக் காசில் நடனக்காரரைப் பார்த்துப் பழகிய பிசியோ ஒருவரிடம் வளர்ச்சி முடியும் வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள்.

16க்குப் பிறகு வரும் கட்டணத்துக்கு ஏற்கனவே வழி இருக்கிறது. ராயல் பாலே பள்ளி, எல்ம்ஹர்ஸ்ட், டிரிங் பார்க் போன்ற பள்ளிகளில் தெரிவானால் அரசு உதவித்தொகை எது கிடைக்கும் என்று பள்ளியிடமே கேட்டு விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து உங்கள் பங்கைத் தீர்மானிப்பார்கள். சீட்டுக்குக் கட்டும் காசை அதில் கழித்துக் காட்ட முடியாது. வருமானம் இருக்கும், கையில் காசு இருக்காது, பங்கு மட்டும் கட்ட வேண்டிவரும்.

சென்ட்ரல் ஸ்கூல் ஒஃப் பாலே போலப் பட்டப்படிப்பாக நடத்தும் இடமானால் மாணவர் கடன் உண்டு. இன்றைய விதியில் ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் 9 வீதம் பிடிப்பார்கள். 27,000 உழைத்தால் வருடத்துக்கு 180. உழைக்காவிட்டால் ஒன்றுமில்லை, 40 வருடத்தில் மிச்சம் தள்ளுபடி. 30 வீதச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தம்பி சொல்லும் காப்புறுதி பத்துப் பதினைந்து வருடப் பொருள். தொடக்க வருடங்களில் கட்டணம் அதிகம். உங்களுக்குக் காசு தேவை பதினாறு பதினேழு மாதத்தில். விற்பவருக்கு இது புரியும், ஆனால் சொல்ல மாட்டார்.

அதன் பிறகும் உங்கள் சேமிப்பு அவனுக்கு 19 வயதாகும்போது தேவைப்படும். கடைசி ஆண்டுக் குளிர்காலத்தில் ஐரோப்பாவெங்கும் தேர்வுகள் நடக்கும். ஒரு நகரத்துக்கு ரயிலோ விமானமோ, ஒரு இரவுத் தங்கல் என்று எட்டுப் பத்து இடம் போனால் 2,000 பவுண் கரைந்துவிடும். 2021இலிருந்து பிரித்தானியக் கடவுச்சீட்டுக்காரருக்கு அங்கே வேலை அனுமதியும் வேண்டும். பயிற்சி நடனக் கலைஞர் என்று சொல்லிச் சம்பளம் தராமல், உங்களிடமே கட்டணம் கேட்கும் குழுக்களும் உண்டு. அவற்றுக்கு ஒரு பவுணும் கட்டாதீர்கள். வேலை கிடைத்தாலும் பெரும்பாலானோர் 40க்குள் மேடையை விட்டுவிடுவார்கள். கடனோடு தொடங்கக் கூடாத தொழில் இது.

மச்சாளிடம் நேராகச் சொல்லுங்கள்: "ஓடுகிற சீட்டை நவம்பர் வரை ஒரு மாதமும் பிந்தாமல் கட்டுவோம், புதிதில் இல்லை." அவர் பொல்லாதவர் இல்லை, 18 மாதக் கணக்கை எழுதிக் காட்டினால் விளங்கும். டிசம்பரிலிருந்து அதே 500ஐச் சம்பளம் விழும் நாளிலேயே தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போக விடுங்கள். அடுத்த ஆகஸ்டுக்குள் 4,500 சேரும். உதவித்தொகைக்கு வருமானச் சான்று கேட்பார்கள். இருவரின் பி60 படிவங்களையும் (வேலை இடம் தரும் ஆண்டுச் சம்பள, வரிச் சான்று) இப்போதே எடுத்து வையுங்கள்.