ஆடிக் காற்றில் வேலி தாண்டிய களை மருந்து

கேள்வி: வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவே உள்ள ஊரில் வீடு கட்டிக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. பின்பக்கம் நாலு செண்டில் தக்காளி, வெண்டை, அவரை, பப்பாளி, கீரை வைத்திருக்கிறேன். மேற்கே வேலியை ஒட்டிப் பக்கத்துக்காரரின் நெல் வயல். போன வாரம் அங்கே மருந்தடித்தார்கள். நாலாம் நாள் தக்காளிக் கொழுந்தெல்லாம் முறுக்கிக்கொண்டது. வெண்டைக் கொழுந்து விரல் விரலாகப் பிரிந்து வருகிறது. கேட்டால், “வெள்ளை ஈயா இருக்கும்க்கா, நம்ம மருந்து வயலை விட்டு வெளிய போகாது” என்கிறார். காயைச் சமைக்கலாமா? செடி தேறுமா? புகார் கொடுக்கலாமா? சண்டை இல்லாமல் முடியுமா?

பதில்:

முதலில் அடுப்படி. இப்போது செடியில் இருக்கும் காயையும் கீரையையும் சமைக்காதீர்கள். நெல்லுக்கான களை மருந்துப் புட்டியில் நெல்லுக்குத்தான் அளவும் நாளும் போட்டிருக்கும். அது தக்காளியிலோ அரைக்கீரையிலோ பட்டால் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று அதில் கணக்கே கிடையாது. கழுவினால் போய்விடும் என்றும் நம்ப வேண்டாம், இந்த வகை மருந்து இலைக்குள் இறங்கிக் கொழுந்து வரைக்கும் போகக்கூடியது. கீரையை வேரோடு பிடுங்கி ஒரு குழியில் தனியாகப் புதைத்துவிடுங்கள். வீணாகிறதே என்று ஆட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காமல், தொட்டியைக் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

மருந்தடிக்கும்போது வெளியே இருந்து யாருக்காவது வாந்தி, மயக்கம், கண்ணெரிச்சல், மூச்சுத்திணறல் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போகும்போது மருந்தின் பெயரையாவது, முடிந்தால் புட்டியின் படத்தையாவது கையில் வைத்திருங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டர் சரியான வைத்தியம் பார்க்க எளிதாக இருக்கும்.

இனி அவர் சொன்ன வெள்ளை ஈ. அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் தக்காளி இலை சுருளும், இலைப்பேனால் மிளகாய்ச் செடி இலை சுருண்டு முரணையாகும். அதனால் செடிகள் என்ன சொல்கின்றன என்று முதலில் பார்த்துவிடுவோம்.

காலையில் வேலியோரம் நின்று கிழக்கே வீட்டைப் பார்த்து மெதுவாக நடந்து வாருங்கள். மேற்கு வேலிப் பக்கம் சேதம் அதிகமாகவும், வீட்டை நெருங்க நெருங்கக் குறைவாகவும் இருந்தால் அது காற்றில் வந்தது. வைரஸ் அப்படி வரிசை பிடித்து வராது. இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி என்று தொடங்கி வாரக்கணக்கில் பரவும். அடுத்து, எத்தனை வகைச் செடி அடிபட்டிருக்கிறது என்று எண்ணுங்கள். தக்காளியைப் பிடிக்கும் வைரஸ் அதே வாரத்தில் வெண்டையையும் அவரையையும் பப்பாளியையும் சேர்த்துப் பிடிப்பதில்லை. வேலிக்கு வெளியே தானாக முளைத்த குப்பைமேனியும் தும்பையும் கழுத்து முறுக்கி நிற்கின்றனவா என்று பாருங்கள். அங்கே புல்லும் உங்கள் வீட்டு வாழையும் மட்டும் நன்றாக இருந்தால் சந்தேகம் அநேகமாகத் தீர்ந்தது.

ஏனென்றால் 2,4-டி என்ற களை மருந்து அகன்ற இலைச் செடியைத்தான் தாக்கும், நெல்லும் புல்லும் தப்பித்துவிடும். வாழை இலை அகலமாக இருந்தாலும் அது புல்லைப் போல ஒருவித்திலைச் சாதிதான். செடியின் சொந்த வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கிற மருந்து அது. செடி கண்மண் தெரியாமல் வளரப் பார்க்கிறது. தண்டு பாம்பு போல வளைகிறது, இலைக் காம்பு கீழே மடங்குகிறது, அதற்குப் பிறகு வரும் கொழுந்து ஒடுங்கி, நரம்புகள் நெருங்கி, நாடா மாதிரி நீள்கிறது. வெண்டை இலை விரல் விரலாகப் பிரிவதும் இதனால்தான். தக்காளியும் வெண்டையும் பருத்தியும் திராட்சையும் இந்த மருந்துக்கு மிக எளிதில் ஆட்படும். களை சாகத் தேவையான அளவில் மிகச் சிறு பங்கு பட்டாலே காட்டிக்கொடுத்துவிடும்.

மற்ற களை மருந்துகளின் அடையாளம் வேறு. பாராகுவாட் பட்டால் ஒரு நாளிலேயே இலையில் தீப்பொறி தெறித்தது போலப் புள்ளி புள்ளியாகக் கருகும், கொழுந்து முறுக்காது. கிளைபோசேட் என்றால் ஒரு வாரம் கழித்துக் கொழுந்து வெளிறி மஞ்சளாகும். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மக்காச்சோளத்துக்கு அடிக்கும் டெம்போட்ரையோன் பட்டால் கொழுந்து சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுக்கும். நீங்கள் எழுதியிருக்கும் நாளும் முறுக்கும் 2,4-டியைத்தான் காட்டுகின்றன. நெல் நட்ட மூன்றாம் வாரம் இதை அடிப்பது வழக்கம். பெரியாறு தண்ணீரை நம்பி ஆனியில் நட்ட வயலுக்கு அந்த மூன்றாம் வாரம் நேராக ஆடியில் வந்து விழுகிறது, மேல்காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில்.

ஒன்று கேட்க வேண்டும். வேப்பெண்ணெய் அடிப்பதற்கு அவரிடம் ஸ்பிரேயரை இரவல் வாங்கினீர்களா? களை மருந்து அடித்த டேங்கின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சமே தக்காளியை முறுக்கப் போதும். அப்படி நடந்திருந்தால், நீங்கள் அடித்த செடிகளில் மட்டும் வேலி, வீடு என்ற ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராகச் சேதம் இருக்கும்.

“நம்ம மருந்து வயலை விட்டு வெளிய போகாது” என்று அவர் சொன்னது பொய்யில்லை, அவர் அப்படித்தான் நம்புகிறார். அவர் கண்ணுக்குத் தெரிகிற துளி பெரிய துளி. அது இரண்டே நொடியில் பத்தடி விழுந்து நெல்லில் உட்கார்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத துளிகள்தான் வேலி தாண்டுகின்றன. 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு உள்ள துளி அதே பத்தடி விழப் பத்து நொடி ஆகும். 20 மைக்ரான் என்றால் நாலு நிமிடம். நாலு நிமிடத்தில் ஆடிக் காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதில் அடிக்கும் முறையும் சேர்ந்துகொள்கிறது. 2,4-டியின் சோடியம் உப்பு வகைக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 1.25 கிலோ மருந்து, 625 லிட்டர் தண்ணீர். ஏக்கருக்கு 250 லிட்டர், அதாவது 16 லிட்டர் டேங்கில் கிட்டத்தட்ட பதினாறு. கூலிக்கு மருந்தடிப்பவர் எட்டு பத்து டேங்கில் முடிக்கத்தான் பார்ப்பார். தண்ணீர் குறையக் குறையக் கரைசல் கெட்டியாகிறது. போதாததற்குப் பூச்சி மருந்துக்குப் பூ மாதிரி விரிக்கும் நாசிலையே (மருந்து பீச்சும் முனை) களை மருந்துக்கும் போட்டு, அழுத்தத்தையும் கூட்டிவிடுவார். துளி பொடியாகிப் பனி போல எழும்பும். களை மருந்துக்கென்று விசிறி போல அடிக்கும் தட்டை நாசில் தனியாக இருக்கிறது. விலை அதிகமில்லை. நீங்களே ஒன்று வாங்கி அவர் கையில் கொடுத்தாலும் தகும், இதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.

2,4-டியில் எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சோடியம் உப்பும் அமைன் உப்பும் காற்றில் அதிகம் ஆவியாகாது. எஸ்டர் வகை அப்படியில்லை. அடித்து முடித்த பிறகும் வெயிலில் ஆவியாகிக் கிளம்பும், காற்று ஓய்ந்த நேரத்தில் அடித்தால்கூட மதியம் உங்கள் பக்கம் வரலாம். மதுரை வெயிலில் வீட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் எஸ்டரை அடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனிப் பேச்சு. மருந்தடித்த அன்றே போகாதீர்கள், நாலு பேர் இருக்கும்போதும் போகாதீர்கள். முறுக்கிய ஒரு தக்காளிச் செடியையும், வேலிக்கு வெளியே அவர் பக்கத்தில் முறுக்கி நிற்கும் ஒரு குப்பைமேனியையும் பிடுங்கிக் கையில் எடுத்துப் போங்கள். “அண்ணே, என்ன மருந்துன்னு புட்டியைக் காட்டுங்க, செடியைக் காப்பாத்தணும்” என்று ஆரம்பித்தால் புட்டி வெளியே வரும். “ஏன் அடிச்சீங்க” என்று ஆரம்பித்தால் வராது.

வார்த்தையால் நம்பாதவர்களுக்கு நான் செய்து காட்டுவது ஒன்று உண்டு. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கரும்புக்காரர் இதே போலத்தான் மருந்து வெளியே போகாது என்று சாதித்தார். அவர் டேங்கை நன்றாகக் கழுவி, வெறும் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கரைத்து ஊற்றினோம். வேலியில் ஒரு வரிசை, இருபதடி தள்ளி ஒரு வரிசை, நாற்பதடியில் துணி காயப்போடும் கயிற்றில் ஒரு வரிசை என்று வெள்ளைத் தாளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். அவர் எப்போதும் அடிக்கிற மாதிரி ஓரச் சாலில் போய் வந்தார். வேலித் தாள் மை தெளித்தது போல இருந்தது. இருபதடித் தாளிலும் நீலம். நாற்பதடித் தாளை அவரே கழற்றி வெயிலில் தூக்கிப் பிடித்தார். கடுகில் பாதிகூட இல்லாத புள்ளிகள், ஏழெட்டு. அந்தக் கயிற்றில் அவருடைய பேத்தியின் கவுனும் காய்ந்துகொண்டிருந்தது, ஏனென்றால் அது அவருடைய சொந்த மகள் வீட்டுக் கொல்லை. ரொம்ப நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாசிலை மாத்திருவோம் சார்” என்றார். உங்கள் பக்கத்துக்காரரோடு சேர்ந்து இதைச் செய்து பாருங்கள். அரை மணி நேர வேலை.

அவரிடம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் இல்லை. அடிப்பதற்கு முந்தின நாள் ஒரு போன். நீங்கள் தொட்டியை மூடலாம், கோழியை அடைக்கலாம், துணியை எடுக்கலாம், பறிக்க வேண்டியதைப் பறித்துக்கொள்ளலாம். அடுத்து நேரம். விடிகாலையில் அடுப்புப் புகை மேலே ஏறாமல் படர்ந்து நின்றால் அடிக்கக் கூடாது, துளியும் அந்தப் புகை மாதிரியே மிதந்து நகரும். வெயில் ஏறிப் புகை கிளம்பியதும் தொடங்கி, காற்று பிடிக்கும் முன் முடிக்க வேண்டும். முகத்தில் காற்று லேசாகப் பட்டு இலை சலசலத்தால் சரி. சின்னக் கிளைகள் ஆடினால் நிறுத்த வேண்டும். நாசிலைக் களைக்கு ஒரு முழ உயரத்துக்கு மேல் தூக்கக் கூடாது. இதெல்லாம் அவருக்கும் லாபம், வேலி தாண்டும் ஒவ்வொரு துளியும் அவர் காசு.

உங்கள் வேலியை ஒட்டிய பத்தடிக்கு மட்டும் மருந்து வேண்டாம், கைக்களை எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள். அந்தக் கூலியில் பாதியை நீங்கள் தருவதாகச் சொல்லுங்கள். நியாயம் பார்த்தால் நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனாலும் பக்கத்து வயலோடு இன்னும் எத்தனையோ போகம் வாழ வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. மதில் எழுப்பினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மதிலில் மோதும் காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும்போது துளியும் கூடவே விழும். காற்றைச் சலித்து விடும் வேலிதான் நல்லது. அவசரத்துக்கு ஐம்பது சதவீத நிழல்வலையைக் கம்பத்தில் எட்டடி உயரத்துக்குக் கட்டுங்கள். நிரந்தரத்துக்கு இரண்டு வரிசைச் சவுக்கு. அதன் ஊசி இலை பொடித் துளியை நன்றாகப் பிடிக்கும். கிளுவை நம் ஊர் வேலிதான், ஆனால் கோடையில் இலை உதிர்த்துவிடும். அகத்தியை முன்வரிசையில் வைக்காதீர்கள், அதுவும் அகன்ற இலைச் சாதி, இந்த மருந்துக்கு முதலில் அதுதான் அடிபடும். கீரையையும் தக்காளியையும் வீட்டை ஒட்டிக் கிழக்கே கொண்டுவந்துவிட்டு வேலியோரம் வாழையை வையுங்கள்.

புகார் கடைசிப் படி. அது தேவைப்படாமலே போகலாம், இருந்தாலும் ஆதாரத்தை இன்றே எடுத்து வையுங்கள். தேதி தெரியும் படங்கள், அடித்த நாள், நேரம், காற்று வந்த திசை, எந்தெந்தச் செடி எத்தனை என்ற குறிப்பு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968-இன் கீழ் வேளாண் துறையில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். வாடிப்பட்டி வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். செடியை ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டலாம். சீக்கிரம் போக வேண்டும், நாளாக ஆக மருந்து சிதைந்துவிடும். அதற்கும் மேலே கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது. நச்சுப் பொருளை மனித உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகக் கையாள்வது பாரதிய நியாய சன்ஹிதா 286-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். உங்கள் விஷயத்தில் நான் அந்தக் கதவைத் தட்டச் சொல்ல மாட்டேன். சொன்ன பிறகும் வேண்டுமென்றே காற்றில் அடித்து, வீட்டில் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அப்போது தயங்காதீர்கள்.

செடி தேறுமா என்றால், பப்பாளி பெரும்பாலும் தேறும். தக்காளியிலும் வெண்டையிலும் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் புதுக் கொழுந்தைப் பாருங்கள். நேராக வந்தால் செடி பிழைக்கும். அப்போதும் முறுக்கியே வந்தால் பிடுங்கிவிடலாம். அதுவரை தண்ணீரைச் சீராக விடுங்கள். யூரியாவைப் போட்டு விரட்டாதீர்கள், ஏற்கெனவே தாறுமாறாக வளரத் தூண்டப்பட்ட செடி அது. பிழைத்த செடியில் இப்போதிருக்கும் பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு, நேரான கொழுந்து வந்த பிறகு பூத்துக் காய்ப்பதை மட்டும் எடுங்கள்.

மண்ணைப் பற்றிப் பெரிய பயம் வேண்டாம். ஈரமும் சூடும் உள்ள மண்ணில் 2,4-டி ஒன்றிரண்டு வாரத்தில் பாதியாகி, அப்படியே குறைந்துகொண்டே போகும். விதைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நாலு கொட்டாங்குச்சியில் வேலியோர மேல்மண்ணையும், நாலு கொட்டாங்குச்சியில் வீட்டுக்கு முன்பக்கத்து மண்ணையும் நிரப்பி, தட்டைப்பயறு மூன்று மூன்று ஊன்றுங்கள். எட்டிலும் ஒரே அளவு தண்ணீர், ஒரே வெயில். இரண்டு வாரத்தில் இரண்டு பக்கத்துப் பயறும் ஒன்று போல நேராக நின்று இலை விரித்தால் கீரை விதையைத் தூவுங்கள். வேலியோர மண்ணில் மட்டும் தண்டு வளைந்தால் இன்னும் பதினைந்து நாள் தண்ணீர் விட்டு, கொத்திவிட்டு, மறுபடி ஊன்றிப் பாருங்கள்.