செக்கு ஒன்றுதான், பணம் வரும் வழி மூன்று

கேள்வி: ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறேன். மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் தொழில் தொடங்க ஆசை. வங்கியில் 6 லட்சம் கடன் தருகிறார்கள், மாதத் தவணை 13,000. செக்கு, மோட்டார், வயரிங்குக்கே அது போய்விடும். கட்டட வாடகை 8,000, ஒரு ஆளுக்குச் சம்பளம் 12,000, கரண்டுக்கு 4,000 ஆகும். பருப்பு கிலோ 120, புண்ணாக்கு கிலோ 40க்கு எடுத்துக்கொள்வார்கள். லிட்டர் 320க்கு விற்கலாம் என்று இருக்கிறேன். மளிகைக் கடைகள் 20 சதவீதக் கமிஷனுக்கு வாங்கிக்கொள்ளத் தயார், பணம் மாதக் கடைசியில் தருவார்களாம். பயிற்சி வகுப்பில் கொடுத்த ஒன்பது கட்டத் தாளையும் நிரப்பிவிட்டேன். ஆனாலும் மனதில் பயம். செக்குக்கு முன்பணம் கட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, முன்பணத்தை இப்போது கட்டாதீர்கள். தொழிலை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. கடலை விளையும் ஊரில் இருந்துகொண்டு கடலை எண்ணெய் ஆட்ட நினைப்பது நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அது நீங்கள் எழுதிய எண்களிலேயே தெரிகிறது.

அந்த ஒன்பது கட்டத் தாள் அலெக்சாண்டர் ஆஸ்டர்வால்டர், ஈவ் பிக்னர் என்ற இரண்டு நிர்வாகவியல் அறிஞர்கள் உருவாக்கியது. வாடிக்கையாளர், வருமானம், செலவு, கூட்டாளிகள் என்று எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்க்க உதவும். ஆனால் கட்டங்களை வார்த்தைகளால் நிரப்பினால் போதாது. வருமானக் கட்டத்தில் ‘எண்ணெய் விற்பனை’ என்று எழுதியிருப்பீர்கள். யாரிடம் விற்பது, எப்போது பணம் வரும், ஒரு லிட்டருக்குக் கையில் என்ன நிற்கும் என்பதையெல்லாம் அங்கே எண்ணாக எழுதினால்தான் அது தொழில் திட்டம்.

வாருங்கள், சேர்ந்தே போட்டுப் பார்ப்போம். செக்கில் 10 கிலோ பருப்பு ஆட்டினால் சுமார் 4 கிலோ எண்ணெய் வரும். லிட்டரில் சொன்னால் கிட்டத்தட்ட 4.4. பருப்பு 1,200 ரூபாய். புண்ணாக்கு ஐந்தரைக் கிலோ கிடைத்தால் 220 திரும்பி வரும். மீதி 980ஐ 4.4ஆல் வகுத்தால் லிட்டருக்கு 223. பாட்டில், மூடி, லேபிளுக்கு 12 சேர்த்தால் 235. நீங்களே வீடுகளுக்கு 320க்கு விற்றால் லிட்டருக்கு 85 நிற்கிறது. கடைக்குப் போட்டால் உங்களுக்கு வருவது 256, நிற்பது 21 ரூபாய்தான்.

இப்போது மாதச் செலவைப் பாருங்கள். தவணை, வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் சேர்த்து 37,000. நேரடி விற்பனை என்றால் 435 லிட்டரில் இது அடைபடும். கடை வழி என்றால் 1,760 லிட்டர் விற்க வேண்டும். உங்கள் செக்கு அவ்வளவு ஆட்டுமா? ஒரு தடவைக்கு 15 கிலோ, அதற்கு ஒரு மணி நேரம், ஒரு நாளில் ஆறு தடவை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் ஓடினாலும் ஆயிரம் லிட்டரைத் தொடாது. அதாவது, கடைகளை மட்டும் நம்பினால் ஆட்டியது அத்தனையும் விற்றாலும் நஷ்டம்தான். உழைப்பு குறைவு என்று உங்களையே நொந்துகொள்வீர்கள், ஆனால் குறை வழியில் இருக்கும். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட மூன்றாவது வழி ஒன்று உண்டு: கூலிக்கு ஆட்டித் தருவது. உங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வைத்துக்கொள்ள மூட்டைக் கடலை எடுத்து வைக்கும் குடும்பங்கள் நிறைய இருக்கும். அவர்கள் பருப்பைக் கொண்டு வருவார்கள், நீங்கள் ஆட்டிக் கொடுத்துக் கூலி வாங்குவீர்கள். பருப்பு வாங்கப் பணம் போட வேண்டாம், பாட்டில் வேண்டாம், விற்காமல் தேங்கும் என்ற கவலையும் வேண்டாம். கூலி அன்றைக்கே கையில். ஊரில் நடக்கும் கூலியை விசாரியுங்கள்; கணக்குக்காகக் கிலோவுக்கு 15 ரூபாய் என்று வைக்கிறேன். செக்கின் பாதி நேரத்தை இதற்குக் கொடுத்தால் மாதம் 17,000 அளவில் வரும். அப்புறம் சொந்த எண்ணெயில் 240 லிட்டரை நேரடியாக விற்றாலே மாதச் செலவு அடைபட்டுவிடும்.

மதுரையில் 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இப்படித்தான் நின்றது. பணம் கட்டுபவர்களிடமிருந்து வரும் வருமானத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. மருத்துவர்கள் பொது, பணம் வரும் வழி வேறு வேறு. உங்கள் செக்கையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள்: கூலி வேலை வாடகைக்கும் தவணைக்கும் முட்டுக் கொடுக்கட்டும், லாபத்தைச் சொந்த எண்ணெய் தரட்டும்.

உங்கள் பட்டியலில் இன்னொரு செலவு இல்லை. உங்கள் சம்பளம்! நாள் முழுக்க நிற்கப்போவது நீங்கள். மாதம் 10,000 ஆவது உங்களுக்கென்று எழுதுங்கள். அதற்கு இன்னும் 118 லிட்டர் விற்க வேண்டும். ஆக 360 லிட்டர். ஒரு வீட்டுக்கு மாதம் இரண்டு லிட்டர் என்றால் 180 வீடுகள். ‘மக்கள் இப்போது செக்கு எண்ணெயைத்தான் கேட்கிறார்கள்’ என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிட்டு, அந்த 180 வீடுகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று யோசியுங்கள்.

அடுத்தது கைமுதல். 360 லிட்டருக்கு 800 கிலோவுக்கு மேல் பருப்பு வேண்டும், சுமார் 1 லட்சம். கடன் முழுவதும் செக்குக்கே போனால் இதற்கு எங்கே போவீர்கள்? அறுவடைச் சமயத்தில் விலை இறங்கும்போது வாங்கி வைக்கலாம் என்றால் இன்னும் அதிகம் தேவைப்படும். (அப்படி வாங்கினால் காயாகவே வாங்கி வையுங்கள், உடைத்த பருப்பை விடத் தாங்கும்.) ஆகவே செக்கைச் சிறியதாகவோ, நல்ல நிலையில் உள்ள பழையதாகவோ பார்த்து, கடனில் ஒரு பகுதியை நடைமுறை மூலதனமாக, அதாவது பருப்பு வாங்கும் கைமுதலாகக் கேளுங்கள். உணவு பதப்படுத்தும் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் தரப்பட்டு வந்தது. இப்போதும் அது உண்டா, விதிகள் என்ன என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மானியம் கடனோடு இணைந்தது. கையில் புரளும் பணமாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பூஞ்சை பிடித்த பருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சில் ஒரு பகுதி எண்ணெயிலும் இறங்கும், சுத்திகரிக்காத எண்ணெயில் அது நீங்காது. பொறுக்கி எடுக்க ஆள் கூலி ஆகும், கழிவும் போகும். அதையும் விலையில் சேருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்காதீர்கள்.

சரி, முன்பணத்துக்குப் பதில் என்ன செய்வது? பதிவை முடித்துவிட்டு 100 கிலோ பருப்பு வாங்குங்கள். பக்கத்தில் ஓடும் செக்கில் கூலிக்கு ஆட்டுங்கள். சுமார் 44 லிட்டர் வரும். ஒரு நோட்டில் பெயர் எழுதி இருபது வீடுகளுக்கு 320க்கே கொடுங்கள், சொந்தக்காரர்களுக்கும் விலை குறைக்க வேண்டாம். அடுத்த மாதம் நீங்கள் கேட்காமலே எத்தனை வீடுகள் திரும்பக் கேட்கின்றன என்று பாருங்கள். பன்னிரண்டு, பதினைந்து வீடுகள் கேட்டால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வங்கி மேலாளரைப் பாருங்கள். நான்கைந்துதான் என்றால், கேட்காத வீடுகளுக்குப் போய் விலையா, மணமா, பாட்டில் அளவா என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.