ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெயிண்ட்: சிங்கப்பூர் வாசகர் கேள்வி பதில் (கேட்டவரின் வட்டாரப் பெயருடன்)

யீஷூன்: அண்ணே, எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பெட்டிக்குக் கறுப்பு அடித்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு மாதம் கழித்து ஓரங்களில் கோடு தெரிகிறது. பெயிண்ட் மட்டமா?

பெயிண்ட்டைத் திட்டாதீர்கள் தம்பி. அது பலகைகள் சேரும் இடம். எம்டிஎஃப் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் தடிமன் பக்கம்தான் அதிகமாக உப்பும். நடுவில் இருக்கும் பசையோ அந்த அளவுக்கு அசையாது. மேலே இருப்பது பளபளப்புக் கறுப்பு என்றால் முடி அளவு மேடுகூட மறையாது. என் முதல் ஜோடியில், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்தபோது முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அங்கேயே இருந்தது!

இப்போது செய்வது இதுதான். ஒட்டிய பெட்டியை ஏர்கான் அறையில் இரண்டு மூன்று வாரம் சும்மா விடுகிறேன். பிறகு உள்ளும் புறமும் எப்பாக்சி பிசின் பூசி அடைக்கிறேன். பலர் உட்புறத்தை விட்டுவிடுவார்கள். ஈரம் அந்த வழியாக உள்ளே போகும். வெட்டிய விளிம்புகள் பஞ்சு மாதிரி குடிக்கும், அங்கே இரண்டு பூச்சு அதிகம். அடைத்த பிறகும் ஒரு வாரம் காத்திருங்கள். கோடு வருவதாக இருந்தால் பிரைமரிலேயே, அதாவது நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சிலேயே வரட்டும், தேய்த்து எடுத்துவிடலாம்.

பிடோக்: வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டின் தாழ்வாரத்தில் ஸ்ப்ரே அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி புகார் கொடுப்பது இருக்கட்டும், இரண்டு பாகம் கலக்கும் பாலியூரித்தேன் பெயிண்ட்டின் ஹார்டனரில் (இறுக வைக்கும் பாகத்தில்) ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சுக்குள் போனால் ஆஸ்துமாவே வரலாம். சாதாரணத் துணி முகக்கவசம் இதற்கு ஒன்றுமே இல்லை. கார் பெயிண்ட் அடிக்கும் பட்டறையில் கொடுங்கள். உபி, சின் மிங் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சூட்டறையில் காய வைக்க வேண்டாம். காரின் இரும்பு தாங்கும் சூட்டை மரப்பெட்டியின் ஒட்டு தாங்காது.

தெம்பனிஸ்: லாக்கர் (வேகமாகக் காயும் பளபளப்புப் பூச்சு) வெள்ளையாகப் பூத்துவிட்டது. மழை நாளில் அடித்தேன்.

அதுதான் காரணம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னரை மேலே லேசாக அடித்தால் பெரும்பாலும் தெளியும். நம் ஊரில் மழை பெய்து ஓய்ந்த மாலையில் லாக்கரைத் தொடவே கூடாது.

ஜூரோங்: பெயிண்ட் அடித்தபின் டிரைவர் (ஒலி எழுப்பும் வட்டப் பாகம்) குழியில் இறங்கவில்லை.

பிரைமர், நிறம், கிளியர் (மேலே அடிக்கும் நிறமில்லாப் பூச்சு) என்று சேரச் சேரக் குழி சுருங்கும். வெட்டும்போதே சுற்றிலும் அரை மில்லிமீட்டர் கூடுதல் விடுங்கள், அடிக்கும் முன் குழியை மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள். இப்போதைக்குக் கத்தியால் மெதுவாகச் சுரண்டுங்கள், அவசரப்பட்டால் விளிம்பு சிதறும்.

செங்காங்: பெயிண்ட் ஒலியை மாற்றுமா?

என் காதுக்கு இல்லை. ஆனால் கூரான விளிம்பை உருட்டிவிட்டால் இரண்டு பக்கமும் லாபம். கூர்முனையில் பெயிண்ட் நிற்காது, பாலிஷ் போடும்போது முதலில் அதுதான் தேய்ந்து போகும். பெரிதாக உருட்டினால் முகப்பின் ஓரத்தில் ஒலி சிதறுவதும் குறையும்.

உட்லண்ட்ஸ்: கடைசிப் பளபளப்புக்கு என்ன வரிசை?

கிளியர் நன்றாக இறுகட்டும், ஒரு வாரமாவது. சோப்புத் தண்ணீர் தொட்டு 1500, 2000, 3000 நம்பர் உப்புத்தாள், அப்புறம் காருக்குப் போடும் பாலிஷ் காம்பவுண்ட். ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், கடைசியில் டேப்பை எடுத்து அங்கே கையால் மட்டும். அட்டைத் துண்டில் சுற்றித் தேய்க்காமல் விரலால் தேய்த்தால் விரல் தடம் அலையலையாக நிற்கும்.

சுவா சூ காங்: பலகையே இன்னும் வெட்டவில்லை. தீபாவளிக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது, முடியுமா அண்ணா?

பொங்கலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.