ஏழு நாள், ஆறு பேர், அரிசோனா பாலைவனம்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: அரிசோனாவில் சேண்ட்லரில் இருக்கிறோம். அக்டோபர் பள்ளி விடுமுறையில் ஏழு நாள் கிடைக்கிறது. ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு முட்டி வலி. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. அவனுக்கு டைனோசர் பைத்தியம். மெசா வெர்டே, சாக்கோ, கேன்யன் டி ஷே, பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட், ஒயிட் சாண்ட்ஸ், யூட்டாவின் செயின்ட் ஜார்ஜ் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். எல்லாம் முடியுமா? வழியில் கிடைக்கும் கல்லையும் பானை ஓட்டையும் மகன் எடுத்து வரலாமா?

பதில்: எல்லாம் முடியாது. முயன்றால் ஏழு நாளும் காரில்தான் போகும். ஒயிட் சாண்ட்ஸ் உங்களுக்குக் கிழக்கே, செயின்ட் ஜார்ஜ் வடமேற்கே; இரண்டையும் முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஒயிட் சாண்ட்ஸில் 21,000 முதல் 23,000 ஆண்டுகளுக்கு முந்திய மனிதக் காலடித் தடங்கள் கிடைத்த செய்தி 2021-இல் வந்ததிலிருந்து பலர் அதற்காகவே கிளம்புகிறார்கள். அந்தத் தடங்கள் பொதுமக்கள் போய்ப் பார்க்கிற இடத்தில் இல்லை. வெள்ளை மணல்மேடு அழகானது, ஆனால் அது வேறொரு பயணம்.

மிச்சமிருப்பதைப் புகழை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அப்பாவின் முட்டியையும் இடத்தின் உயரத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள். சேண்ட்லர் சுமார் 1,200 அடி உயரத்தில் இருக்கிறது. மெசா வெர்டே 7,000 அடிக்கு மேல் போகிறது, அதாவது கொடைக்கானல் உயரம். அங்கே அக்டோபர் பகல் இதமாக இருக்கும். இரவில் ஸ்வெட்டரும் சால்வையும் இல்லாமல் ஆகாது. முதல் நாளே மேலே ஏறாமல் படிப்படியாகப் போனால் பெரியவர்களுக்கு மூச்சு வாங்காது.

கிளம்புவதற்கு முந்திய வாரம் ஃபீனிக்ஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் எஸ்'எடாவ் வா'அகி அருங்காட்சியகத்துக்கு ஒரு காலை நேரம் ஒதுக்குங்கள் (2023 வரை அதற்கு பியூப்லோ கிராண்டே என்று பெயர்). நீங்கள் பார்க்கப்போகும் பழைய ஊர்ச் சிதிலங்களில் சுவர் மட்டும்தான் இருக்கும். பானை, நெசவு, கருவி எல்லாம் அருங்காட்சியகத்தில் இருக்கும். இதை முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் வெறும் சுவரும் பேச ஆரம்பிக்கும். இந்தப் பாலைவனத்தில் கையாலேயே நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த ஹோஹோகாம் மக்களின் கதையும் அங்கே கிடைக்கும். இன்றைய ஃபீனிக்ஸின் சில கால்வாய்கள் அவர்கள் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன. இந்தப் பகுதி அருங்காட்சியகங்களில் சில கண்ணாடிப் பெட்டிகள் மூடியோ காலியாகவோ இருக்கலாம். பழங்குடியினரின் ஒப்புதல் இல்லாமல் அவர்களுடைய புனிதப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கக் கூடாது என்ற விதி 2024 ஜனவரியில் கடுமையானது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

முதல் நாள் ஐ-17 நெடுஞ்சாலை வழியாக வடக்கே போகும்போது மான்டெசுமா காசில். பாறைக் குடைவுக்குள் கட்டிய பழைய வீடு; ஐந்து நிலை, இருபது அறை. 1951-இலிருந்து யாரையும் மேலே ஏற்றுவதில்லை, கீழிருந்து பார்ப்பதுதான். பாதை தளம் போட்டது, குட்டையானது, அப்பாவுக்குக் கஷ்டம் இருக்காது. அன்றிரவு ஹோல்ப்ரூக்கில் தங்குங்கள்.

இரண்டாம் நாள் பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். ஹோல்ப்ரூக்கிலிருந்து 180-ஆம் சாலையில் தெற்கு வாசலுக்குப் போய், பூங்காவின் 28 மைல் சாலையை வடக்கு நோக்கி ஓட்டினால் கடைசியில் ஐ-40-இல் ஏறிவிடலாம். மகனிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முந்திய டிரையாசிக் காலம். டைனோசர்கள் அப்போதுதான் தலையெடுக்கத் தொடங்கியிருந்தன, பெரும்பாலும் சிறிய உருவம். ஆற்றை ஆண்டவை முதலையைப் போன்ற ஃபைட்டோசார்கள். தெற்கு வாசலில் இருக்கும் ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தில் அந்தக் கால விலங்குகளின் எலும்புக்கூடுகளைப் பார்த்தால் அவன் ஏமாற மாட்டான்.

அதன் பின்பக்கத்து ஜயன்ட் லாக்ஸ் பாதையில் படிகள் உண்டு. அப்பாவுக்கு கிறிஸ்டல் ஃபாரஸ்ட் பாதைதான் நல்லது. அங்கே கிடக்கும் கல்மரங்கள் ரம்பத்தால் அறுத்தது போலத் துண்டு துண்டாக இருக்கும். யார் அறுத்தது என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். யாரும் அறுக்கவில்லை. ஆறு அடித்து வந்த மரங்கள் எரிமலைச் சாம்பல் கலந்த வண்டலில் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்துக்குள் ஊறி, மெல்ல மெல்ல அதைக் குவார்ட்ஸ் ஆக்கிவிட்டது. குவார்ட்ஸ் வளையாது; நிலம் அசைந்து உயர்ந்தபோது குறுக்கே படக்கென்று முறிந்தது. சிவப்பும் மஞ்சளும் இரும்பால் வந்த நிறங்கள். இன்னும் கொஞ்சம் வடக்கே பியூர்கோ பியூப்லோ பழைய கிராமத்திலும் பாதை சமமானதுதான். அங்கே ஒரு பாறையில் நீண்ட அலகுப் பறவை எதையோ கவ்விக்கொண்டு நிற்கும் கீறல் ஓவியம் இருக்கிறது. மகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மதியம் மூன்று மணிக்குள், கேன்யன் டி ஷே பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ஊரான சின்லிக்குக் கிளம்பிவிடுங்கள். வழியில் நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இரவில் மாடும் குதிரையும் சாலைக்கு வரும். இன்னொன்று, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்: அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவஹோ நாடு மாற்றுகிறது. அக்டோபரில் சின்லி உங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், மெசா வெர்டேயும் அப்படியே. செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும், அதை நம்ப வேண்டாம். ஒரு கைக்கடிகாரத்தில் நவஹோ நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கேன்யன் டி ஷேயில் தெற்கு விளிம்புச் சாலையில் காரிலேயே போய் ஒவ்வொரு நோக்குமுனையிலும் இறங்கிப் பார்த்தால் போதும். கீழே இறங்க நவஹோ வழிகாட்டி வேண்டும், ஜீப் குலுக்கும். கீழே தெரியும் வீடுகளிலும் வயல்களிலும் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அனுமதி கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம் நாள் மாலை கொலராடோவின் கார்டெஸுக்குப் போய் மூன்று இரவு தங்குங்கள். மெசா வெர்டேயில் பாறைக் குடைவுக்குள் கட்டிய பழைய குடியிருப்புகளான கிளிஃப் பேலஸ், பால்கனி ஹவுஸ் இரண்டுக்கும் ரேஞ்சரோடுதான் (பூங்கா அலுவலர்) போக முடியும். டிக்கெட் 14 நாள் முன்னதாக ஆன்லைனில் காலை எட்டு மணிக்குத் திறக்கும். அது கொலராடோ நேரம். சேண்ட்லரில் ஏழு மணி. சுற்றுலா அக்டோபரின் பிற்பகுதியில் முடிந்துவிடும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பால்கனி ஹவுஸில் 32 அடி ஏணி ஏறி, 18 அங்குல அகலச் சுரங்கத்தில் தவழ வேண்டும். அப்பாவைக் கூட்டிப்போக முடியாது. பிள்ளைகளோடு உங்களில் ஒருவர் போங்கள். மற்றவர் பெரியவர்களோடு மெசா டாப் சாலையில் காரில் சுற்றட்டும். அங்கே சன் பாயின்ட்டில் நின்றால் எதிர்ப்பாறை நெடுக வீடுகள் தெரியும், கிளிஃப் பேலஸ் உட்பட.

1200-களின் கடைசியில் இந்த வீடுகளை விட்டு எல்லோரும் போய்விட்டார்கள். 1276 முதல் 1299 வரை நீண்ட வறட்சி ஒரு காரணம். அது ஒன்றே காரணம் அல்ல. 'மர்மமாக மறைந்த மக்கள்' என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் நம்ப வேண்டாம். இன்றைய பழங்குடிகளான ஹோப்பி, சூனி, ரியோ கிராண்டே பியூப்லோ மக்கள் அவர்களுடைய வழித்தோன்றல்கள். தங்கள் முன்னோர் வீடு என்றே இதைச் சொல்கிறார்கள்.

நியூ மெக்சிகோவில் அதே முன்னோர் கட்டிய பெரிய கல் கட்டடங்கள் இருக்கும் சாக்கோவை இந்த முறை விட்டுவிடுங்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான், இருந்தாலும் சொல்கிறேன். கடைசி மைல்கள் மண்சாலை, மழை பெய்தால் சேறு. உள்ளே சாப்பாடும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பதிலாக ஐந்தாம் நாள் நியூ மெக்சிகோவின் ஏஸ்டெக் ரூயின்ஸுக்குப் போய்விட்டு வாருங்கள் (ஏஸ்டெக் மக்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை). சாக்கோ பாணிக் கட்டடமே இங்கேயும். பாதை குட்டை, நடுவில் சில படிகள், சில வாசல்களில் குனிய வேண்டும். மேற்குக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பச்சைக் கல் பட்டை ஓடும். உள்ளறைகளில் சுமார் 900 ஆண்டுக்கு முந்திய மரக் கூரை அப்படியே இருக்கிறது. உத்தரங்களை நிமிர்ந்து பாருங்கள். மரத்தில் சிறு வட்ட அடைப்பு தெரிந்தால், ஆண்டு வளையம் எண்ணத் துளை போட்ட இடம் அது.

அந்தக் கதையை மகளுக்குச் சொல்லலாம். ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர் இங்கிருந்தும் சாக்கோவின் பியூப்லோ பொனிட்டோவிலிருந்தும் வந்த உத்தரங்களின் வளையங்களை ஒப்பிட்டு, எது முந்தியது, எத்தனை ஆண்டு முந்தியது என்று கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எந்த ஆண்டு என்று சொல்ல முடியவில்லை. இன்றைய மரங்களிலிருந்து பின்னோக்கி எண்ணிய வரிசைக்கும் பழைய வரிசைக்கும் நடுவில் ஓர் இடைவெளி. 1929-இல் அரிசோனாவின் ஷோ லோ ஊரில் தோண்டி எடுத்த கருகிய உத்தரம் ஒன்று இரண்டையும் இணைத்தது. அதோடு இந்தப் பகுதியின் சிதிலங்கள் பலவற்றுக்கு ஆண்டு தெரிந்துவிட்டது.

இப்போது மகன் கேட்டதற்கு வருகிறேன். பானை ஓடு, அம்பு முனை எதையும் எடுக்கக் கூடாது. கூட்டாட்சி நிலத்திலும் பழங்குடி நிலத்திலும் அது சட்டவிரோதம். கையில் எடுத்துப் பார்த்தாலும் கிடந்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். ஓடு சொல்லும் செய்தியில் பாதி அது கிடந்த இடத்தில்தான் இருக்கிறது. பெட்ரிஃபைட் ஃபாரஸ்டில் கல் எடுத்துப் போனவர்கள் மன்னிப்புக் கடிதத்தோடு திருப்பி அனுப்பிய கற்கள் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. எங்கிருந்து போனது என்று தெரியாததால் அவற்றைப் பழைய இடத்தில் வைக்க வழியே இல்லை. ஹோல்ப்ரூக் கடைகளில் தனியார் நிலத்தில் எடுத்த கல்மரம் விலைக்குக் கிடைக்கும். ஒரு துண்டு வாங்கிக் கொடுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆறாம் நாள் 160-ஆம் சாலையில் திரும்புங்கள். டூபா சிட்டியைத் தாண்டிச் சில மைலில் சாலையோரமாக டைனோசர் காலடித் தடங்கள் இருக்கின்றன. நவஹோ வழிகாட்டிகள் தடத்தில் தண்ணீர் ஊற்றி மூன்று விரலைக் காட்டுவார்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். டைலோஃபோசரஸ் போன்ற இரைகொல்லிகளின் தடங்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். டி-ரெக்ஸ் வந்தது அதற்குப் பத்துக் கோடி ஆண்டுக்கும் பின்னால். அன்றிரவு ஃபிளாக்ஸ்டாஃபில் தங்கி, ஏழாம் நாள் காலை வடக்கு அரிசோனா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வீடு போய்ச் சேரலாம்.

மகன் நான்காம் வகுப்பு என்பதால் அவன் பெயரில் 'எவ்ரி கிட் அவுட்டோர்ஸ்' இலவச பாஸ் எடுங்கள். தேசியப் பூங்காக்களில் கார் கட்டணம் மிச்சம். மான்டெசுமா காசில் போல ஆள் கணக்கில் வாங்கும் இடங்களில் மூன்று பெரியவர்கள் வரைதான் செல்லும், நான்காமவருக்குக் கட்ட வேண்டும். மெசா வெர்டே சுற்றுலா டிக்கெட் இதில் சேராது.