மலைக்கு அந்தப் பக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை, வயது 43. சில காலமாக ஒரு குழுவோடு ஞாயிறுதோறும் சைக்கிள் ஓட்டுகிறேன். விடியுமுன் கோம்பாக் பழைய சாலையில் ஏறி, கெந்திங் செம்பா கணவாயைத் தொட்டுவிட்டு, வெயில் ஏறுமுன் கீழே வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டுப் பிரிவோம். அடுத்தது கெந்திங் மலை உச்சிதான் என்று குழுவில் எல்லாரும் தயாராகிறார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. நீங்கள் எழுதிவரும் பயணக் குறிப்புகளைப் படித்ததிலிருந்து, பை கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் மலையைத் தாண்டிப் போகவேண்டும் என்று ஆசை. எந்த வழியில் தொடங்குவது? பெண் என்பதால் கொஞ்சம் தயக்கமும் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டி ஸ்டோருக்கு மிதித்தே இடுப்பு போனது. "அந்த மனுஷன் வேற வழியில்லாம மிதிச்சாரு. உனக்கு என்ன தலையெழுத்து?" என்கிறார் அம்மா. அவருக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

கெந்திங் உச்சியில் மனம் போகவில்லை என்கிறீர்களே, அது சரியான உணர்வு என்று நினைக்கிறேன். லெ டூர் டி லங்காவி சைக்கிள் பந்தயம் 1996இல் தொடங்கியது. அதில் கெந்திங் ஏற்றம் பெயர்பெற்றதிலிருந்து, நம் சைக்கிள்காரர்கள் பலருக்கும் அந்த மலை ஒரு சான்றிதழ் ஆகிவிட்டது. உச்சிக்குப் போனதும் சாலை முடிகிறது. வந்த வழியே இறங்குகிறோம். உடல் வலிமைக்கு அது நல்ல பயிற்சி, குறை சொல்லமாட்டேன். ஆனால் பயணம் வேண்டும் என்பவர் கணவாயைத் தேடவேண்டும், அதைத் தொட்டதும் திரும்பிவிடக் கூடாது, கடக்கவேண்டும். நான் இத்தனை நாளாக எழுதிவருவதெல்லாம் இந்த ஒன்றைத்தான்.

செம்பாவில் நீங்கள் வழக்கமாகத் திரும்பும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அது சிலாங்கூர்–பகாங் எல்லை, தித்திவாங்சா மலைத்தொடரின் நீர்பிரி மேடும் அதுதான். அதற்கு மேற்கே விழும் மழை கோம்பாக் ஆற்றில் சேர்ந்து, உங்கள் செந்தூல் பக்கமாகவே ஓடி, மஸ்ஜித் ஜாமெக்கில் கிள்ளான் ஆற்றோடு கலந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. சில அடி கிழக்கே விழுந்தால் அதே மழை பெந்தோங், செமந்தான் ஆறுகள் வழியாகப் பகாங் ஆற்றை அடைந்து, பெக்கானில் தென்சீனக் கடலில் விழும். காரில் காராக் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இது தெரிய வழியில்லை. மணிக்கு ஏழெட்டு கிலோமீட்டரில் ஏறி, நிமிர்ந்து, மறுபக்கம் இறங்கும் உடம்புக்கு நன்றாகவே தெரியும். நீங்கள் அந்த மேட்டில் நின்றுவிட்டு ஒவ்வொரு வாரமும் பாதி மலையோடு வீடு திரும்புகிறீர்கள்.

ஆகவே முதல் பயணத்துக்கு நான் சொல்லும் வழி இது. உலு லங்காட் வழியாகக் கிளம்புங்கள். லங்காட் ஆறு கூடவே வரும். பங்சூன் பக்கத்தில் கடைசிக் கடைகளில் சாப்பிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கெந்திங் பெராஸ் கணவாய் ஏறுங்கள். கோலாலம்பூர்க்காரர்கள் பலர் அந்த மாநில எல்லைப் பலகையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீங்கள் நேரே நெகிரி செம்பிலானுக்குள் இறங்குங்கள். ஜெலுபுவின் கோலா கிளாவாங்கில் திரியாங் ஆற்றைப் பார்ப்பீர்கள். அதுவும் பகாங் ஆற்றுக்குப் போகும் தண்ணீர்தான். அன்றிரவு அங்கேயே தங்குங்கள். மறுநாள் தீத்தி வழியாகப் போய்க் கூட்டரசுச் சாலை 9ஐப் பிடித்தால் மஞ்சிஸ், காராக். முடிந்தால் பெந்தோங். மூன்றாம் நாள் புக்கிட் திங்கி வழியாகப் பழைய சாலையில் ஏறி, செம்பாவை முதல்முறையாகக் கிழக்கிலிருந்து தொட்டு, கோம்பாக் இறக்கத்தில் வீட்டுக்கு. இரண்டே நாள்தான் கிடைக்கும் என்றால் கோலா கிளாவாங்கிலிருந்து புக்கிட் தங்கா ஏறி சிரம்பானுக்கு இறங்கிவிடலாம். அதுவும் ஒரு முழுக் கடப்புதான்.

பள்ளத்தாக்கில் ஒரு இரவு தங்குவதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றே திரும்பவேண்டியவருக்குப் பாதி கவனம் கடிகாரத்தில் போய்விடும். தங்குகிறவர் ஊரோடு பேசுவார். எந்தக் கடை காலையில் திறக்கும், நேற்று மேலே மழை பெய்ததா, பாலத்தருகே மரம் விழுந்து கிடக்கிறதா என்று விசாரித்தே ஆகவேண்டும். ஜெலுபுவிலும் மஞ்சிஸிலும் ஒட்டுக்கடைப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதில் பாதியை வரைபடம் எனக்குக் காட்டியதில்லை.

காட்டைப் பார்க்கவும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் ஆற்றோரமாக மூங்கிலும் காட்டு வாழையும் நெருக்கமாக இருந்தால், அது முன்பு வெட்டப்பட்டோ சரிந்தோ மறுபடி முளைத்த இடமாக இருக்கும். ஏற ஏற மரங்கள் உயரும். பிறகு முகட்டு வரிசையில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிய தலைகள் தெரியும். அவை செராயா மரங்கள். மலைமுதுகில் வளர விரும்புகிறவை. அவை உங்கள் கண்மட்டத்துக்கு இறங்கி வந்துவிட்டால் கணவாய் தூரத்தில் இல்லை. காலை எட்டு மணி வாக்கில் சியாமாங் குரங்குகள் தொண்டைப்பையை ஊதி எழுப்பும் ஓசை ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். இருவாய்ச்சி தலைக்கு மேல் பறந்தால் சிறகுச் சத்தமே முதலில் வரும். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகப் போகிறவருக்குத்தான் இதெல்லாம் கிடைக்கும். அதனால் ஏற்றத்தைச் சீக்கிரம் முடிக்கவேண்டிய வேலையாக நினைக்காதீர்கள்.

சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாக. விலை உயர்ந்தது தேவையில்லை. முன்பக்கச் சின்னப் பல்சக்கரத்தின் பற்களும் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தின் பற்களும் எண்ணிக்கையில் சமமாக இருக்கட்டும். அப்போது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று சுற்றும். சுமையோடு நம் ஏற்றங்களுக்கு அது போதும். முதுகுப்பை வேண்டாம், கேரியரில் இருபக்கமும் பை கட்டுங்கள். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் அபாயம் உண்டு. வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிடுங்கள். ஈரமான பாசியும் அழுகிய இலையும் லாரியைவிட அதிகம் பேரை வீழ்த்துகின்றன என்பது என் அனுபவம்.

மழையைக் கண்டு அஞ்சவேண்டிய இடம் சரிவு. மேற்குச் சரிவில் ஏப்ரலிலும் அக்டோபரிலும் பிற்பகல் இடிமழை மிகுதி. விடியலில் கிளம்பி நண்பகலுக்குள் கணவாயைத் தாண்டிவிடுவது எந்த மாதத்திலும் நல்லது. 2022 டிசம்பரில் பத்தாங் காலியில் நள்ளிரவு தாண்டி மண் சரிந்து, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 31 பேர் இறந்தார்கள். அதன்பின் சரிவுக்குக் கீழே கூடாரம் போடாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்லிவருகிறேன். ஊருக்குள் கூரை தேடுங்கள்.

பெண்ணாகத் தனியே போகலாமா என்ற கேள்விக்கு: முதல்முறை இன்னொரு பெண்ணோடு போங்கள். கணவாய்ப் பகுதியில் கைப்பேசிக்கு அலை கிடைக்காத நீளங்கள் உண்டு. எங்கே, எத்தனை மணிக்குக் கடப்பீர்கள் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். நாய் துரத்தினால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடங்கள். தங்குமிடத்தை இருட்டுமுன் எட்டும்படி திட்டமிடுங்கள். இவை முடிந்தபின் மிச்சமிருக்கும் பயத்தில் பெரும்பகுதி நம்மை ஊரார் வளர்த்த விதத்தில் வந்தது. அதை மதித்து வீட்டில் உட்காரவேண்டியதில்லை.

பெராஸ் முடிந்ததும் அடுத்து கோலகுபு பாருவிலிருந்து கேப் கணவாய் ஏறி ரவூப்புக்கு இறங்கும் சாலையைச் சொல்வேன். பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் கேப்பில் மேலே திரும்புவார்கள். நீங்கள் நேரே போங்கள். அந்த வழி பிறந்ததற்குக் காரணம் ரவூப் தங்கமும் கோலா லிப்பிசும். லிப்பிஸ் 1898 முதல் 1955 வரை பகாங்கின் தலைநகர். 1951 அக்டோபர் 6 அன்று ஆங்கிலேய உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டது இந்தச் சாலையின் ஒரு வளைவில்தான். அதைவிட என்னைப் பிடித்துவைத்திருப்பது அடிவார ஊரின் கதை. பழைய கோலகுபுவில் 1883இல் அணை உடைந்து, மாவட்ட அதிகாரியாக இருந்த ஆங்கிலேயர் உட்படப் பலர் இறந்தார்கள். பிறகு மேலே ஈயம் தோண்டிய மண் ஆற்றில் இறங்கி, படுகை உயர்ந்து, வெள்ளம் மேல் வெள்ளமாக வந்து, கடைசியில் ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். இன்றைய கோலகுபு பாரு அப்படிப் பிறந்தது. இப்போது அதே பள்ளத்தாக்கில் சிலாங்கூர் ஆற்று அணை நிற்கிறது. அதற்காக இடம் பெயர்ந்தவர்கள் பெர்த்தாக் பகுதித் தெமுவான் பூர்வகுடி மக்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்து வருவது. நீர்த்தேக்கத்தை ஒட்டி மிதிக்கும்போது யார் நிலத்தின் மேல் நம் தண்ணீர் நிற்கிறது என்பதை மறக்காமல் போங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, வாதாடி வெல்லப் பார்க்காதீர்கள். அப்பா மிதித்தது பால் உறைவதற்குள் ஸ்டோரை எட்டவேண்டும் என்ற அவசரத்தில். எடை போட்டவர் வேறொருவர், கூலியை முடிவுசெய்தவர் வேறொருவர். அந்தக் கால்களின் உழைப்பில் படித்து ஆசிரியை ஆனவர் நீங்கள். உங்கள் மூன்று நாளுக்கு நேரமும் வழியும் வேகமும் நீங்களே வைப்பது. அப்பாவுக்குக் கிடைக்காதது அதுதான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். வார்த்தையோடு நிறுத்தவேண்டாம். முதல்நாள் மாலை தம்பியோ பிள்ளைகளோ அவரைக் காரில் சிரம்பான் வழியாகக் கோலா கிளாவாங்குக்கு அழைத்துவரட்டும். போகும் வழியில் பால்மரக் காடுகள் இன்னும் இருக்கின்றன. அவர் அவற்றைப் பார்த்துக்கொண்டு வருவார், நீங்கள் மலையைத் தாண்டி வருவீர்கள், இரவுச் சாப்பாட்டை எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். பெந்தோங்கிலிருந்து கோம்பாக் வரையான மூன்றாம் நாளுக்கு நானும் வருகிறேன்.

அன்புடன்,
அக்கா