ஷெர்கில்லின் முன் பத்து நிமிடம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அம்ரிதா ஷெர்கில்லின் ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தின் அச்சுப்படம் பதினைந்து ஆண்டுகளாக என் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறது. சென்ற மாதம் தில்லிக்குப் போனபோது, மூல ஓவியத்தைப் பார்ப்பதற்காகவே ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்துக்குச் சென்றேன். அதன் முன் நின்றபோது எனக்குள் எதுவும் நிகழவில்லை. நிறங்கள் மங்கலாகத் தெரிந்தன. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். குறை என் பார்வையிலா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

குறை உங்கள் பார்வையில் இல்லை என்றே நினைக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக உங்கள் கண் பழகியது வழவழப்பான தாளில் மையால் அச்சிட்ட சிவப்புக்கும் பச்சைக்கும். அந்தப் பழக்கத்தோடு மூலத்தின் முன் நின்றபோது, நீங்கள் ஓவியத்தைப் பார்க்காமல், அச்சுப்படம் அதில் இருக்கிறதா என்று தேடியிருக்கிறீர்கள். மிகவும் நேசித்த படங்களின் முன் எனக்கும் இது நேர்ந்திருக்கிறது.

மங்கல் என்று நீங்கள் கண்டதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாரிஸில் பயின்ற காலத்தில் ஷெர்கில் 1932இல் வரைந்து, மறு ஆண்டு அங்கேயே தங்கப் பதக்கம் பெற்ற ‘இளம் பெண்கள்’ ஓவியத்தில் ஐரோப்பியக் கல்விக்கூடம் கற்றுக்கொடுத்த தேர்ச்சி முழுவதும் தெரியும். 1934இன் இறுதியில் இந்தியா திரும்பியவர் அடுத்த ஆண்டு ‘மூன்று பெண்க’ளை வரைந்தபோது அவருக்கு வயது 22. அந்தத் தேர்ச்சியில் பெரும்பகுதியை அவர் தாமாகவே கைவிட்டிருந்தார். பின்னணியில் கண் தங்குவதற்கு ஒரு பொருள்கூட இல்லை. மூவரும் அருகருகே அமர்ந்திருந்தும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. தங்களுக்கு வரப்போவது இன்னதென்று அறிந்து, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்பதுபோல இருக்கும் அந்த முகங்களுக்கு, அடங்கிய நிறமே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் முதன்முறை அந்தக் கலைக்கூடத்துக்குச் சென்றபோது என்னை நிறுத்தியது ஷெர்கில்லின் ‘பிரம்மச்சாரிகள்’ ஓவியம். அதன் நல்ல அச்சுப்படம் எதையும் அதற்கு முன் நான் பார்த்திராதது என் நல்லூழ். அஜந்தாவையும், கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களையும் பார்த்து, கன்னியாகுமரிவரை வந்து சென்ற பயணத்துக்குப் பிறகு, 1937இல் சிம்லாவில் அவர் வரைந்த மூன்று தென்னிந்திய ஓவியங்களுள் அது ஒன்று. ‘மணமகளின் ஒப்பனை’யும் ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தின’ரும் மற்ற இரண்டு. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள அந்தத் திரைச்சீலையில் மேலாடை இல்லாத ஐந்து இளைஞர்கள் அமர்ந்திருக்கிறார்கள். முதலில் எல்லா வேட்டிகளும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்தன. கால் மணி நேரம் நின்ற பிறகே, மடிப்புக்கு மடிப்பு அந்த வெண்மை மாறிக்கொண்டே போவது தெரியத் தொடங்கியது. தாளில் அது ஒருபோதும் வராது. சுவரோவியத்தின் எளிமையை எண்ணெய் வண்ணத்தின் கனத்தோடு சேர்த்துவைக்க அவர் பட்ட பாடு முழுவதும் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

ஆகவே மறுபடியும் செல்லுங்கள். 1976இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டதால், இந்தியாவில் உள்ளவை நாட்டைவிட்டு வெளியே விற்கப்பட முடியாதவை. அவற்றுள் பெரும்பகுதி அந்தக் கலைக்கூடத்திலேயே இருக்கிறது. இம்முறை ‘மூன்று பெண்க’ளிடம் நேராகப் போக வேண்டாம். 1941 டிசம்பரில், 28 வயதில், லாகூரில் இறந்தபோது அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற கடைசி ஓவியம் காட்சியில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். வீட்டு மாடியிலிருந்து தெரிந்த எருமைகளும் சுவர்களும்தான் அதில் உள்ளன. அதற்கு உங்களிடம் அச்சுப்படம் இருக்காது என்று நம்புகிறேன். பிறகு ‘பிரம்மச்சாரிகள்’, அதன் பிறகு உங்கள் மூவர். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மேசைக்கு எதிரே உள்ள படத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை கலைக்கூடத்துக்கு விடுமுறை. வேறொரு நாள் காலையில், கூட்டம் சேருமுன் போனால் நெடுநேரம் நிற்கலாம்.

அன்புடன்.